இடது பக்கத்து முதல் கட்டம்

1

அடுத்த வருஷத்துக் காலண்டர் வந்துவிட்டது. ஸ்டோர் கிளார்க் ஆளுக்கு இரண்டு என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். வழுவழுப்பான தாள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம், பன்னிரண்டும் எங்கள் கம்பெனி நிறுவிய பம்ப் ஸ்டேஷன்கள். பகலெல்லாம் பம்ப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டுச் சுவரிலும் பம்ப். தலையெழுத்து, வேறென்ன.

வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி ஸ்டெல்லா பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கே, ஊருக்கு..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, காலண்டரைச் சுருட்டிப் பீரோ மேல் போட்டாள். போன வருஷம் ஊருக்கு அனுப்பிய காலண்டரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மஸ்கட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே வாரம் சனிக்கிழமை ஆரம்பிக்கிறது. வெள்ளி விடுமுறை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு தகவல், அவ்வளவுதான். உடம்புக்குள் இறங்குவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் திருடப் போகிறவன் மாதிரி இருக்கும்.

என் மேஜையில் மூன்று வாரங்கள் இருக்கின்றன. கம்பெனி காலண்டரில் முதல் கட்டம் சனி. ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய இன்ஜினியர் எனக்குக் கொடுத்த டைரியில் முதல் கட்டம் திங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சபைக் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறு, அதுவும் சிவப்பில். இதில் வேடிக்கை என்னவென்றால், அரபியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேரே 'முதலாவது' என்பதுதான். திங்கள் இரண்டாவது, செவ்வாய் மூன்றாவது. பேரில் முதல் நாள் ஞாயிறு, வேலைக்கு முதல் நாள் சனி. கூட வேலை செய்யும் ஓமானியிடம், "ஏனய்யா இப்படி?" என்று கேட்டேன். "பேர் வைத்தவர் வேலைக்குப் போகாதவர்" என்று சிரித்தார்.

நைனாவிடம் இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! சொல்ல முடியாதபடி செய்துகொண்டேன்.

2

நைனா என்றால் என் அப்பா. கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். சுரங்கத்துக்குள் பம்ப் ஆபரேட்டர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, கீழே ஒரு லெவலில் இருக்கும் பம்ப் ரூமில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பாறையிலிருந்து ஊறும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஷிப்ட் நிறுத்தினால் கீழே இருக்கிறவர்களுக்கு முழங்கால் அளவு தண்ணீர்.

அதனால் அவருக்கு வாராந்திர ஆஃப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆஃப் வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்று நைனா கேட்டுப் பார்த்தார். வரிசைப்படிதான் கிடைக்கும் என்றார்கள். அவருடைய மேஸ்திரி, "தேவராஜு, தண்ணிக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாய்யா?" என்று கேட்டாராம். ரிடையராகும் வரை புதன்கிழமைதான்.

எங்கள் வீட்டில் கறி எடுப்பது புதன்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, நைனாவோடு ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போவது, அடி வாங்குவது, எல்லாம் புதன்கிழமை. பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவுக்குத் திங்கள் ஆஃப். அவர் வீட்டில் கறி வாசனை வந்தால் திங்கள் என்று அர்த்தம். எதிர் வரிசையில் ஒரு தெலுங்குக் குடும்பம், அவர்களுக்குச் சனிக்கிழமை விரதம். ஒரே லைனில் ஆளாளுக்கு ஒரு வாரம் ஓடும். கன்னட வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பானுவார, சோமவார என்று கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால், நான் முதலில் புதன் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் நைனா மட்டும் புதனை ஞாயிறு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வாரத்தின் முதலாம் நாள் கர்த்தருடைய நாள், முதல் கட்டத்தை அவருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஆறையும் அவர் பார்த்துக்கொள்வார் என்பார். அந்த முதல் கட்டத்தை அவர்தான் கொடுக்க முடியாமல் போனவர். ஞாயிறு காலை ஷிப்டுக்குப் போகும்போது, கோயில் மணி அடித்தால் தலையில் இருக்கும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

என்னைச் சுரங்கத்துக்குள் இறக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். பெரிய எந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. ஞாயிறு விடுமுறை! நைனா லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். சம்பளம் எவ்வளவு என்று யாரோ கேட்டதற்கு, "அத்த நான் கேக்கல. ஞாயித்துக்கெழம லீவு" என்றாராம்.

அந்த வேலையை நான் நாலு வருஷத்தில் விட்டேன். மஸ்கட்டிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். நைனா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று பங்காருபேட்டை ஸ்டேஷனில் வண்டி வந்து நின்ற பிறகு கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம லீவு குடுக்கிற கம்பெனிய வுட்டுட்டுப் போற. அங்க இன்னா லீவுன்னு கேட்டியா?"

"ஞாயிறுதான் நைனா."

"கோயிலு?"

"இருக்குது நைனா. தமிழ் ஆராதனையே நடக்குது."

முதல் பதில் பொய், இரண்டாவது நிஜம். அந்த அளவில்தான் பதினோரு வருஷமும் ஓடிற்று.

3

இங்கே கிறிஸ்தவர்களுக்கெல்லாம் வெள்ளிதான் ஞாயிறு. எங்கள் தமிழ்ச் சபை வெள்ளிக்கிழமை காலை கூடும். பாட்டு, பிரசங்கம், காணிக்கை, எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குச் சண்டே ஸ்கூல் வெள்ளிக்கிழமை. அதற்குப் பேரும் சண்டே ஸ்கூல்தான், யாரும் சிரிப்பதில்லை. என் மகன் ஜோயல் இங்கேயே பிறந்தவன். ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று கேள்விப்பட்டபோது, "அன்னிக்கு அவங்களுக்கு ஸ்கூல் இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டான்.

நான் ஊருக்குப் போன் பண்ணுவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாலு மணிக்கு வேலை முடியும். பஸ்ஸிலிருந்து இறங்கி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு தெருமுனை போனில் கார்டைச் செருகுவேன். அங்கே ஆறு மணி. ஸ்கெலட்டனில் பாஷா பாயின் டெலிபோன் பூத்தில் நைனா ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருப்பார்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தியா?" இதுதான் முதல் கேள்வி. பேர் சொல்ல மாட்டார், நலம் விசாரிக்க மாட்டார்.

"போய் வந்தேன் நைனா."

"இன்னா பிரசங்கம்?"

வெள்ளிக்கிழமை கேட்ட பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமை ஒப்பிப்பேன். போதகர் சொன்ன வசனம், யார் பாடினார்கள், ஸ்டெல்லா என்ன சமைத்தாள் என்பது வரைக்கும். இரண்டு நாள் பழைய சரக்குதான், ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை. நைனா 'ம், ம்' என்று கேட்பார். பாஷா பாயின் மீட்டரில் இல்லாமல் என் கார்டில் காசு ஓடுவதால் சாவகாசமாகக் கேட்பார்.

இந்தப் பொய்யால் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நைனாவிடம் கிழமைப் பேச்சே எடுக்க மாட்டேன். வாய் தவறி, 'வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன்' என்று வந்துவிட்டால் போச்சு. அதனால் எதையும் தேதியாகவே சொல்வேன். ஜோயலுக்கு ஏழாம் தேதி காய்ச்சல், பதினாறாம் தேதி சரியாயிற்று. நைனா கூட ஒருமுறை, "இன்னாப்பா, கோர்ட்டு குமாஸ்தா மாரி பேசுற" என்றார்.

ஒருநாள் ஜோயல் தாத்தாவுக்குக் கடிதம் எழுதியிருந்தான். இங்கிலீஷில்தான், தமிழ் அவனுக்குப் பேசத்தான் வரும். 'ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பரீட்சை' என்று ஒரு வரி. அதைக் கிழித்து வேறு எழுத வைத்தேன். மகள் ரூத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்த்துக்கொண்டே இருந்தவள், "தாத்தாகிட்ட ஏம்ப்பா பொய் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"பொய் இல்லடி. தாத்தா மனசு கஷ்டப்படும்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வில் அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

4

போன வருஷக் கடைசியில் நண்பர் ஒருவர் ஊருக்குப் போனார். கையில் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டுமே என்று பேரீச்சம்பழம், தைலம், இந்த வருஷத்துக் கம்பெனி காலண்டர் என்று கொடுத்தேன். நைனாவுக்குப் பழத்தைவிடக் காலண்டர் பிடித்துவிட்டது. பம்ப் படமாயிற்றே! அவர் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் தேதி எண்கள் பெரிது பெரிதாக இருந்ததால் அவரால் படிக்க முடிந்தது. மேலே கிழமைகள் பொடி எழுத்தில், அரபியிலும் இங்கிலீஷிலும். அது அவருக்குப் புகைதான்.

"இன்னாப்பா, செவப்பு கடைசில இருக்குது?" என்று போனில் கேட்டார்.

"அது துலுக்கருங்க லீவு நைனா. அவங்களுக்காகப் போட்டது."

"அதானே பார்த்தேன். நம்முது மொதல் கட்டந்தானே?"

"ஆமா நைனா."

இந்த 'ஆமா'வை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்! ஒரு சொல். சனிக்கிழமை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் சனிக்கிழமை முதல் நாள் என்றால், அடுத்த கேள்வி ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்கிறாய் என்பதுதான். உலகத்தில் எந்தத் தேசத்துக் காலண்டராக இருந்தாலும் இடது பக்கத்து முதல் கட்டம் ஞாயிறு என்பதில் நைனாவுக்குச் சந்தேகமே கிடையாது. இருக்கவும் நான் விடவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியோடு சுரங்கத்தை மூடினார்கள். நைனா எப்போதோ ரிடையரானவர், ஆனாலும் சங்குச் சத்தம் நின்றது அவரைத்தான் அதிகம் பாதித்தது. ரீடிங் ரூமுக்கு வந்த பேப்பரும் நின்றுவிட்டது. லைனில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போக, மீதிப் பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஃபும் இல்ல, ஷிப்டும் இல்ல. இன்னா கெழமன்னு யாருக்கும் தெரில. தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?" என்றார் நைனா. பிறகு, "பம்ப நிறுத்திட்டாங்களாம்பா. தண்ணி ஏறிக்கினே வருமே" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அம்மா போய் ஆறு வருஷம். தனியாளாக அங்கே என்ன செய்வார்? இங்கே வரவழைத்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஸ்டெல்லா. விசாவுக்கு அலைந்தேன். அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி, சர்வீஸ் புத்தகத்தில் வேறொன்று, ஞானஸ்நானச் சான்றில் மூன்றாவது. எது சரி என்று கேட்டால், "மழ பெஞ்ச அன்னிக்கின்னு அம்மா சொல்லும்" என்கிறார். கம்பெனியில் விசா பார்க்கும் அதிகாரி அரபியில் என்னவோ திட்டிவிட்டு, கடைசியில் வாங்கிக்கொடுத்தார். மார்ச் மாதக் கடைசிக்குள் வந்து இறங்க வேண்டும்.

டிக்கெட் அனுப்பினேன். சென்னையிலிருந்து காலை விமானம். அதிலும் தேதிதான் போட்டிருந்தது, கிழமை இல்லை.

"இருபத்திரெண்டாந்தேதி நைனா. முன்னாடி நாள் சாயங்காலமே பங்காருபேட்டைல ரயில் ஏறிடணும்."

"காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்பா. அந்தோணி மெட்ராசு வரைக்கும் கூட வரான்."

வந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை அவர் பார்ப்பார். லீவு போடலாம் என்றால் மூன்று மாதத்தில் பன்னிரண்டு ஞாயிறு. ஸ்டெல்லா, "வந்ததும் கால்ல வுழுந்து சொல்லிடுங்க. மாமா மன்னிப்பாரு" என்றாள். சரி என்றேன். எப்படிச் சொல்வது என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.

5

இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை. அரைநாள் லீவு போட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன். ஜோயல் கூட வந்தான். வண்டியில் வரும்போதே, 'ஸ்தோத்திரம் தாத்தா' என்று சொல்லப் பழக்கியிருந்தேன். விமானம் வந்தது. பெட்டிகளோடு எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியாகத் துடைப்பத்தோடு ஒருவர் வந்தார். நைனா வரவில்லை.

பாஷா பாயின் பூத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னா சார், பெருசு இங்கதானே கீறாரு! இப்பத்தான் முடி வெட்டிக்கினு, ஷேவிங் பண்ணிக்கினு போனாரு. நாளிக்கித்தானே பிளைட்டு? சாங்காலம் கெளம்பறாரு."

நைனாவைக் கூட்டி வரச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தார்.

"இன்னாப்பா, இந்நேரத்துல? எல்லாம் கட்டி வெச்சிட்டேன். ஊறுகா, முறுக்கு, ஜோயலுக்கு ஒரு பம்பரம்..."

"நைனா, இன்னிக்குத்தான் இருபத்திரெண்டு. பிளைட் வந்துடுச்சி."

"இல்லியேப்பா" என்றார். "ஆறாவது கட்டம். வெள்ளிக்கெழமதானே? நான் எண்ணிப் பார்த்தேனே. ரெண்டு தபா எண்ணினேனே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சனி, ஞாயிறு, திங்கள் என்று நான் எண்ணும் வரிசையில் ஆறாவது கட்டம் வியாழன். ஞாயிறு, திங்கள் என்று அவர் எண்ணும் வரிசையில் ஆறாவது வெள்ளி. நான் சொன்னது தேதி. அதை அவர் நான் அனுப்பிய காலண்டரில் கிழமையாக மாற்றிக்கொண்டு, அந்தக் கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஸ்டெல்லாவிடம் கூடச் சொன்னதில்லை. நைனா வரவில்லை என்று நிச்சயமானதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டேன். என்னைப் பெற்றவர் அங்கே முடி வெட்டி, முகம் மழித்து, பம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இங்கே நான் மூச்சு விடுகிறேன். சீ, என்ன ஜென்மம்!

6

அந்த மாதக் கடைசி வரை வேறு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. விசா காலாவதியாயிற்று. புதிதாக எழுதிப்போடலாம் என்றார் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தோணி கண்ணாடி போட்டுக்கினு காலண்டரைப் படிச்சான். மொதல் கட்டம் சனிக்கெழமையாமே?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"செவப்பு வெள்ளிக்கெழமையாம். அப்போ லீவு உனுக்கு வெள்ளி. ஞாயித்துக்கெழம நீ இன்னாப்பா பண்ற?"

கார்டில் எண் குறைந்துகொண்டே வந்தது.

"வேலைக்குப் போறேன் நைனா."

"பதினோரு வருசமா?"

"ஆமா நைனா. ஆனா வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறோம். இங்க எல்லாருக்கும் அதான் ஞாயிறு. நம்ம வூட்ல புதன்கெழம இருந்த மாரி..."

"புதன்கெழம கறிச்சோறு தின்னோம்" என்றார். "அத்த ஞாயிறுன்னு நான் எப்பனா சொன்னேனா? எனுக்குக் குடுக்கல, அது இல்லாமயே ஓட்டிட்டேன். உனுக்குக் குடுத்தாங்க. நீ வுட்டுட்டுப் போன. போனது கூட சரி. எங்கிட்ட சொல்லி இருந்தா, நான் கட்டத்தைச் சரியா எண்ணி இருப்பேனே ராஜா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ராஜா என்று சின்ன வயதில் கூப்பிட்டதுதான். புது விசா வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கண் தெரியவில்லை, இனிமேல் பயணம் சரிப்படாது என்றார். கண் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "எதுக்கு? பார்க்க இன்னா இருக்குது?" என்று வைத்துவிட்டார்.

7

வீடு ஒன்றும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சபைக்குப் போகிறோம். ரூத்துக்குப் பதினாலு வயது. போன மாதம், "சண்டே ஸ்கூலுக்குப் போனியா?" என்று கேட்டேன். "போய் வந்தேன்பா" என்றாள், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல். அன்றைக்கு என்ன வசனம் என்று கேட்டேன். அதையும் சொன்னாள். அது அதற்கு முந்தின வாரத்து வசனம். அந்த வெள்ளிக்கிழமை சண்டே ஸ்கூலே நடக்கவில்லை, வாத்தியாரம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஜோயலுக்கு இன்னும் அந்தப் பம்பரம் வரவில்லை. அவன் அதை மறந்தும் விட்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பீரோ மேல் அந்தக் காலண்டர் சுருண்டு கிடக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதினேன், பாதியில் எழுந்து போய் நைனாவுக்குப் போன் பண்ணிவிட்டு வந்தேன்.

அவர் இப்போதெல்லாம் கோயிலைப் பற்றிக் கேட்பதில்லை. ஏப்ரலிலிருந்து முதல் கேள்வி மாறிவிட்டது.

"வேலைக்குப் போயிட்டு வந்தியா?"

"போய் வந்தேன் நைனா."

"சரி."

பிரசங்கம் சொல்ல வாய் வந்தது. வெள்ளிக்கிழமை போதகர் நன்றாகவே பேசியிருந்தார். "நைனா, இந்த வாரம் கோயில்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வெச்சிடுப்பா. பூத்துல பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பூத்துக்கு இப்போது ஒருத்தரும் வருவதில்லை, பெருசு ஒருத்தருக்காகத்தான் திறந்து வைக்கிறேன் என்று பாஷா பாய் போன மாதமே என்னிடம் சொல்லியிருந்தார்.